இரண்டாவது மஞ்சள் அட்டை

“ஊசி போடற வரைக்கும் என்னை வர விட்டியேடி!”

அவள் கத்திக்கொண்டிருந்தாள். இடது கையில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய வசுமதி. மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது தவிர அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை.

எதிர்வீட்டு வாசலில் தமயந்தி. கல்லூரியில் நூலகராக இருந்தவள். சத்தம் போடாதீர்கள் என்று ஊருக்கே சொல்லிப் பழகியவள்.

இன்று சொல்லவில்லை.

மாடிப்படியைச் சுற்றி ஆறு வீட்டுக் கதவுகளும் ஒரு சாண் திறந்திருந்தன.

காற்றுக்காக.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், வசு.”

“என்னன்னுடி கேக்கறது? ஆப்பிரிக்காவுக்கு என்னைத்தானே கூட்டிட்டுப் போறேன்னா?”

நியாயமான கேள்வி. முதல் மாடியில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

இருவருக்கும் ஐம்பத்தெட்டு. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பதினோரு வருடமாக ஒரே திட்டம். கென்யாவில் நான்கு நாள் ஜீப்பில் காடு. பிறகு ஐந்து நாள் கடற்கரையில் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பது.

சிங்கத்தைக்கூட ஒப்புக்கொண்டோம். குரோம்பேட்டைப் பெண்கள் இரண்டு பேர் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பதை எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

நீலம் உடுத்தினால் அங்கே ஏதோ ஒரு ஈ தேடி வந்து கடிக்குமாம். அதனால் காக்கியில் சுடிதார் தைத்துக்கொண்டார்கள். கொடியில் அவை காய்ந்த அன்று, ரெண்டு பேருக்கும் பஸ்ஸில் கண்டக்டர் வேலையா என்று கேட்டோம்.

சேர்ந்து சிரித்தார்கள்.

பைனாகுலர் ஒன்றுதான். சேர்ந்து வாங்கியது. சாயங்காலம் மொட்டை மாடியில் முறை வைத்துப் பார்ப்பார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேயும் எருமைதான் அதுவரைக்கும் அவர்களுக்குக் கிடைத்த காட்டு விலங்கு.

வசுமதிக்கு வலது கண் மங்கல். அவள் முறை வந்தால் வலப்பக்கக் குழாயின் வளையத்தைத் திருப்பிக்கொள்வாள். தமயந்தி முறை வந்தால் அவள் பழையபடி திருப்புவாள்.

பதினோரு வருடமும் இந்தத் திருகல்.

அன்று காலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குப் போனார்கள். போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டை வாங்கினால்தான் பயணம்.

வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் தமயந்தி கூடப் போனாளாம். ஆட்டோவில் சொல்லவில்லை. வரிசையில் சொல்லவில்லை.

வசுமதி கையை நீட்டினாள். போட்டு முடிந்ததும் எழுந்து, நாற்காலியைத் தோழிக்கு விட்டாள்.

தமயந்தி உட்காரவில்லை.

எனக்கு ஏற்கெனவே போட்டாச்சு என்றாளாம்.

அவளுடைய கைப்பையில் மஞ்சள் அட்டை இருந்தது. போன மாதத் தேதி. அதன் பின்னால் இன்னொரு மஞ்சள் அட்டை.

குலசேகரன். ஆண். அறுபத்தொன்று.

“அதே கூடாரமா?” என்றாள் வசுமதி இப்போது.

தமயந்தி தரையைப் பார்த்தாள்.

“ஆத்தோரமா, கடைசியில தனியா நிக்குமே. நான் தேடிக் கண்டுபிடிச்சது. அதேவா?”

“அதுல ரெண்டு பேருக்குத்தான் வசு இடம்.”



வசுமதி திரும்பினாள். திறந்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். தமயந்தி இஸ்திரி வண்டியில் போட்ட துணியோடு நாற்பத்து நான்கு அங்குலத்தில் ஒரு காக்கிச் சட்டை வந்தது. வண்டிக்காரர் மனைவி எங்களிடம் சொன்னாள். குலசேகரன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், நடைப்பயிற்சியில் பழக்கம் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் விசாரித்துவிட்டோம்.

வசுமதி தன் துணியைத் தானே தேய்த்துக்கொள்வாள்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

முதலில் இரண்டாம் மாடிக் கதவு சாத்திக்கொண்டது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல்.

ஜூனில் பதிவுத் திருமணம். நாங்கள் எல்லோரும் போனோம். ஓட்டலில் சாப்பாடு, அல்வாவில் நெய் குறைவு.

ஜூலையில் அவர்கள் பறந்தார்கள்.

அந்த வாரமே வசுமதி வீட்டைக் காலி செய்தாள். லாரி எந்தப் பக்கம் போனது என்று வாட்ச்மேனிடம் கேட்டோம். இஸ்திரி வண்டியில் கேட்டோம்.

யாருக்கும் தெரியவில்லை.

போட்டுக்கொண்ட ஊசி மட்டும் அவள் ஆயுளுக்கும் செல்லுமாம்.

தமயந்தி கறுத்துப்போய்த் திரும்பி வந்தாள். வீட்டுக்கு ஒரு பொட்டலம் காப்பிப்பொடி கொடுத்தாள். எதிர்வீட்டுக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

தமயந்தி வீட்டுக் கதவுப் பிடியில், வசுமதி மாட்டிவிட்டுப் போன பைனாகுலர் தொங்கியது.

எடுத்துக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போனாள். துணி எடுக்கிற சாக்கில் நாங்களும் இரண்டு பேர் போனோம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எருமை நின்றது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். உடனே முகம் சுளித்தாள். எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி வைத்தாள். விரல் வலப்பக்க வளையத்துக்குப் போனது.

கீழேயிருந்து குலசேகரன் கூப்பிட்டார். இரண்டு தரம்.

நாங்கள் துணியை எடுத்து மடித்தும் முடித்துவிட்டோம்.

விரல் அங்கேயே இருந்தது. திருப்பவில்லை.