மூன்றாவது டெஸ்ட்

“ஆபரேஷன் இப்பவும் முடியாதுங்க” என்றார் டாக்டர் ஷில்பா.

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாடையில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்ட கட்டியைத் தடவிக்கொண்டார். சர்க்கரை அதிகம் என்று ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர், இந்த முறை தைரியமாகத்தான் வந்திருந்தார்.

“இன்னாம்மா சொல்றீங்க? நல்லா பாத்தீங்களா?”

“சர்க்கரை போன தடவையைவிட டபுளா இருக்கு. மூணு மாச சராசரியும் எகிறிக் கெடக்குது. இப்ப தாடையில கத்தி வெச்சா புண்ணு ஆறாது, எலும்பு அழுகிடும். உசுருக்கே ஆபத்து.”

“லேப்ல எதனா தப்பா...”

“அவங்களே சந்தேகப்பட்டு ரெண்டு வாட்டி பாத்துட்டாங்க.”

 ஏகாம்பரம் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் மகன் பிரதாப், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி எழுந்தான். பெங்களூரில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி ஒரு மாதமாகியும் அவனுக்கு வீக்கம் வடியவில்லை.

“இன்னாப்பா, ஒத்துக்கினாங்களா? உன் பேரைச் சொல்லி என் ரத்தத்தைக் குடுத்துட்டு ஓடினதுல, அன்னிக்கு ஊரிகம் ஸ்டேஷன்ல பெங்களூர் டிரெய்னையே விட்டிருப்பேன்!”

சிரித்தவனின் கைக்குட்டையில் மறுபடியும் சீழ் படிந்தது.