காலியான கிளவ் பாக்ஸ்

டெக்சாஸை விட்டு வெளியேறும் எல்லைக்குச் சற்று முன்னால், கேஸ் ஸ்டேஷன் ஓரத்தில் நிற்கும் காரின்மேல் காலை வெயில் படிந்திருக்கிறது. மோசஸும் ஜோசபினும் வீடு மாறி நியூஜெர்சி போகிறார்கள். மோசஸ் காருக்குள் குனிந்து, முன்சீட்டுக்கு எதிரே கிளவ் பாக்ஸில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றுகிறான். அவன் மனைவி ஜோசபின் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “இனிமே ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும், ஜோ. பெட்டியில போட்டு லாக் பண்ணி ட்ரங்க்ல வெச்சிடறேன்.” “புல்லட்ஸ்?” “அது தனி பாக்ஸ்ல.” காரின் பின்பக்க டிக்கியில், கிரைண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே துப்பாக்கிப் பெட்டி இறங்குகிறது. பூட்டை இழுத்துப் பார்க்கிறான். அவள் முன்சீட்டில் உட்காருகிறாள். கிளவ் பாக்ஸில் துப்பாக்கி இருந்த இத்தனை வருஷமும், அதிலிருந்து ஒரு டிஷ்யூ வேண்டுமென்றால்கூட அவனைத்தான் எடுத்துத் தரச் சொல்வாள். இப்போது தன் கையாலேயே கிளவ் பாக்ஸைத் திறந்து, முறுக்குப் பொட்டலத்தை வைத்து மூடுகிறாள். உடனே மறுபடியும் திறந்து, ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்கிறாள்.