ஊமைக் கார்

சரிவான வாசலில் தம்பியின் கார் பேட்டரி செத்து, வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விளக்கை அணைக்காமல் விட்ட புண்ணியவான் அவன்தான். சரிவில் அதற்கு மேலே நிற்கும் மாமாவின் காரில், பிரசவ வலி எடுத்த அக்கா முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நியூட்ரல்ல போட்டா தானா பின்னால உருண்டுடும் மாமா."

"சீக்கிரம்டா! நான் ரோட்டுல வண்டிங்கள நிறுத்துறேன்."

மாமா இறங்கி ஓடுகிறார். தம்பி தன் காரில் ஏறுகிறான். பேட்டரி செத்ததில் ஆட்டோமேட்டிக் கியர் பூட்டிக்கொண்டு அசைய மாட்டேனென்கிறது. அக்காவிடம் வாங்கிய ஹேர்பின்னால் கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன மூடியை நெம்பி, உள்ளிருக்கும் பூட்டை அழுத்துகிறான். மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது. 'டக்'கென்று நியூட்ரல் விழுகிறது. கைப்பிரேக்கை இறக்கியதும் கார் உருள்கிறது. இன்ஜின் ஓடாததால் கால் பிரேக்கோ கல்லாய் இறுகிக் கிடக்கிறது. கண்ணாடியில் மாமாவின் முதுகு. இரண்டு கைகளையும் விரித்து ஒரு லாரியை மறித்துக்கொண்டிருக்கிறார். முதுகு பெரிதாகிக்கொண்டே வருகிறது. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோகிறது. ஹாரனை ஓங்கி அறைகிறான். சத்தமே இல்லை. ஜன்னலும் இறங்கவில்லை. "மாமா!" என்ற அலறல் காருக்குள்ளேயே சுற்றி வருகிறது.

அப்போது மேலேயிருந்து ஒரு ஹாரன் வீறிடுகிறது. மாமா துள்ளி விலகுகிறார். அவர் சட்டையை உரசிக்கொண்டு போன கார் எதிர் மதிலில் இடித்து நிற்கிறது. வழி திறந்துவிட்டது. அக்கா இன்னும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.