எட்டாம் பதிப்பின் கடைசிப் பக்கம்

"கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டு ஆபீஸ்லயே அழுதுட்டேங்க" என்று சொல்லித்தான் ஞானசேகர் அந்த நாவலின் தன் பிரதியை மதுரவல்லியிடம் கொடுத்தான். சிறகு முளைத்த இளவரசன், சாபம் வாங்கிய பெண், அறுநூறு பக்கம். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய காதல். "இது பிடிக்கலேன்னா நமக்குள்ள ஒத்துவராது" என்று வேறு சொன்னான். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நிச்சயதார்த்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். இளவரசன் பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட்டான். 584ஆம் பக்கத்தில் முத்தமிடக் குனிந்தவன், அடுத்த பக்கத்தில் காணாமல் போனான். அங்கிருந்து கடைசி வரை ஊறுகாய்ச் செய்முறை. பைண்டிங்கில் ஏதோ சமையல் புத்தகத்தின் பதினாறு பக்கங்கள் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

பதிப்பகத்துக்குப் போன் செய்தாள்.

"அப்படியாம்மா? அந்த எட்டாம் பதிப்பு அஞ்சாயிரம் பிரதியும் வித்துடுச்சே! இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

வியாழக்கிழமை மாலை ஞானசேகர் ஆவலோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"முடிச்சிட்டீங்களா? அழுகை வந்துச்சா?"

மதுரவல்லி புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்க அழுத இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா வாசிங்களேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் சோகத்தை வரவழைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தான். மாவடு.