கடைசி பெஞ்சிலிருந்து

வகுப்பாசிரியராகவும் இருக்கும் ஓவிய வாத்தியார், கரும்பலகையில் 'எல்லோரும் சமம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, "உக்காந்த இடத்துலேர்ந்து என்ன தெரியுதோ, அதை மட்டும் வரைங்க" என்று சொல்லி அரைமணி நேரமாகிறது. முன்வரிசைத் தாள்களில் எல்லாம் அவர் கண்ணாடியும் மீசையுமாகச் சிரிக்கிறார். கடைசி பெஞ்சுக்காரி தயங்கித் தயங்கி நீட்டும் தாளில் வெறும் பிடரிகள். ஈரம் காயாத ஒரு சடை, கிழிந்த ஒரு காலர், காதோரம் ஒரு தழும்பு. அந்தத் தலைகளுக்கு மேலே சாக்பீஸ் பிடித்த ஒரு கை. "நான் எங்கம்மா?" என்கிறார். "அந்தக் கைதான் சார் நீங்க. மத்ததெல்லாம் மறைக்குது." "முன்னாடி வந்து உக்கார வேண்டியதுதானே?" அவள் தாளின் ஓரத்தைச் சுருட்டுகிறாள். "மார்க் வரிசைப்படி நீங்கதானே சார் உக்கார வெச்சீங்க?"

அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவள் உயரத்துக்குக் குனிகிறார். அதே சடை, அதே காலர், அதே தழும்பு. தான் எழுதியதில் ஓர் எழுத்துகூட அவர் கண்ணில் படவில்லை. "தப்பா வரைஞ்சுட்டேனா சார்?" "தப்பு உன்னோடது இல்லம்மா. என் நாற்காலியில போய் உக்காரு. அங்கேருந்து ஒண்ணு வரை."

அவள் போய் உட்கார்கிறாள். எதிரே முப்பது முகங்கள். அவள் பென்சிலை எடுத்ததும், அவற்றுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், வாத்தியார் தன்னையறியாமல் கழுத்தை எக்குகிறார்.