சொட்டுத் தண்ணி படாத கார்

"டயரைத் தட்டிப் பாக்கறதெல்லாம் அந்தக் காலம் சார். நீங்க உள்ள உக்காந்து முதல்ல சீட் பெல்ட்டை இழுங்க" என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார் சத்யநாராயணன்.

வந்தவர் தயங்கினார். "நான் பிரிட்டோ சார், இவங்க என் வொய்ஃப் பியூலா. பொழிச்சலூர்லேர்ந்து வரோம். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டோம் போல..."

"நல்லதாப் போச்சு! முந்திக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் சார் நல்ல பொருள் கிடைக்கும்" என்று தோளைப் பிடித்து அமுக்கி அவரை உட்கார வைத்துவிட்டார்.

சத்யநாராயணனைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரம் போட்ட அன்றைக்கே ஆள் வந்து நின்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? போர்ட்டிகோவில் நின்ற அந்தச் சிவப்பு டர்போ காரை ஐந்து வருஷத்துக்கு முன் பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கியபோது, "பிக்கப்பு பிக்கப்புன்னு வாங்கற வண்டியெல்லாம் திரும்ப விக்கறப்போ பாதி விலை கூடத் தேறாது" என்று அவர் மனைவி ஹேமாவதி உதட்டைப் பிதுக்கினாள். ஆடிட் ஆபீசில் ஊரான் சொத்துக்கெல்லாம் தேய்மானம் போட்டுப் பழகிய மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்து, "அஞ்சாவது வருஷம் எட்டு லட்சம். ஒரு ரூபா குறைஞ்சாலும் நான் ஆடிட்டர் இல்ல" என்று சவால் விட்டார்.

அந்த ஐந்தாவது வருஷம் இப்போது வந்துவிட்டது. பொத்தேரியில் நாலாவது மாடி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இருப்பதையெல்லாம் விற்று மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் அம்பேல். "கார் என் டிபார்ட்மென்ட், மத்ததெல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்று சத்யநாராயணன் கறாராகச் சொல்லிவிட்டார். ஹேமாவதியும் நல்லபடியாக முடிய வேண்டுமென்று கோயிலுக்குப் போயிருந்தாள்.

"சார், நாங்க..." என்று ஆரம்பித்தார் பிரிட்டோ.

"விலையெல்லாம் அப்புறம் பேசலாம். பெல்ட்டை முழுசா இழுங்க. வெள்ளத்துல நின்ன வண்டின்னா அடியில சேறு கோடு போட்டிருக்கும். இருக்கா? கீழ கார்பெட்டை மோந்து பாருங்க. ஈர நாத்தம் வருதா?"

பிரிட்டோ பாவம், குனிந்து மோந்தும் பார்த்தார். "இல்ல சார்."

"வராது! ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு ரீசேல் எங்க அடி வாங்குது தெரியுமா? மேற்குத் தாம்பரம்னு சொன்னாலே, 'தண்ணில நின்னுச்சா'ன்னு கேட்டு ரெண்டு லட்சத்தை வெட்டிடறான். இது சொட்டுத் தண்ணி படாத வண்டி சார்."

பியூலா காரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்று, திறந்திருந்த கதவு வழியாக ஹாலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு டர்போ எங்கே புரியப் போகிறது என்று சத்யநாராயணன் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

"இந்தப் பக்கமெல்லாம் மழைல எப்படி சார்?" என்றாள் பியூலா.

சத்யநாராயணனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தானே காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தார்! செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"பாருங்கம்மா, பெருங்களத்தூர் மேம்பாலம். வரிசையா நிக்குதே, அதுல முதல் வண்டி நம்மளுது. டிவில ஆரஞ்சு அலர்ட்னு சொன்னாப் போதும், கொண்டு போய் மேல ஏத்திடுவேன். ஒரு வருஷம் தப்பினதில்ல."

"வருஷா வருஷமா?" பிரிட்டோ காரை விட்டு இறங்கினார்.

"வருஷா வருஷம்! போன தடவை தண்ணி வடியற வரைக்கும் வண்டியிலயே படுத்துக் கிடந்தேன். என் வொய்ஃப் இங்க மொட்டை மாடியில பிரெட்டைத் தின்னுட்டு உக்காந்திருந்தா." இதைச் சொல்லும்போது மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை, பெருமைதான் இருந்தது.

"அவ்வளவு தண்ணியா சார் வரும்?"

"உள்ள வாங்க, காட்டறேன்." இருவரையும் ஹாலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் இடுப்புக்கு மேலே கையை வைத்தார். "இதோ, சுவிட்ச் போர்டு வரைக்கும். இது புதுப் பெயின்ட், லேசாச் சுரண்டினா பழைய கோடு தெரியும். ஃபிரிட்ஜ் மிதந்துச்சு. கட்டில் ஊறிப் போச்சு. பாத்ரூம் வழியா சாக்கடை மேல வந்துச்சு பாருங்க, அது தனிக் கதை! ஆனா கார்? டயர் கூட நனையல. இந்த ஏரியாவுல இப்படி ஒரு கேரன்ட்டி வேற எவன் கொடுப்பான்?"

பிரிட்டோவும் பியூலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன் மாட்டிவிட்டது என்று சத்யநாராயணனுக்குப் பட்டது. எட்டு என்ன, எட்டரையே கேட்கலாம். தன் கணக்கை நினைத்துத் தனக்கே கண் கலங்கியது அவருக்கு.

"ரொம்பத் தேங்க்ஸ் சார்" என்றார் பிரிட்டோ, மனசாரத்தான். "இவ்வளவு ஓப்பனா யாரும் சொல்ல மாட்டாங்க."

"மறைச்சு விக்கற பழக்கம் நமக்குக் கிடையாது சார்."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அர்ச்சனைக் கூடையும் கையுமாக வேகமாக உள்ளே வந்த ஹேமாவதி, ஹாலில் நின்றவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டாள்.

"வாங்க வாங்க! அஞ்சு மணிக்குத்தான் வருவீங்கன்னு புரோக்கர் சொன்னாரு... சார் வீட்டைச் சுத்திக் காட்டினாரா?"