செருப்பைப் பார்த்த சேல்ஸ்மேன்

"பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்ட சேல்ஸ்மேன், ஒரு நொடி பார்வையைக் கீழே இறக்கினார்.

என் செருப்பைத்தான் பார்க்கிறார். வார் அறுந்து தைத்த செருப்பு. எனக்குச் சுருக்கென்றது.

தொகையைச் சொன்னேன். பெயின்டைப் பூப்போலத் தெளிக்கும் ஏர்பிரஷ்களில், அட்டைப் பெட்டியில் இருந்த சாதாரணமான ஒன்றை எடுத்து வைத்தார்.

நான் ஒன்றும் விவரம் தெரியாமல் வந்தவன் இல்லை. மூன்று மாதமாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் படித்துத் தேறியவன். எதில் ஊசி சன்னம், எதில் கிண்ணம் பெரிசு, எல்லாம் அத்துப்படி. ஒரு ஏர்பிரஷையும் கையால் தொட்டதில்லை என்பது மட்டும்தான் குறை.

அவசரம் என் மாமனாரால் வந்தது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ரிட்டயர்மென்ட் விருந்து. அவர் ஓட்டிய பச்சை பஸ்ஸை உள்ளங்கை அளவில் செய்து வைத்திருந்தேன். பிரஷ்ஷால் அடித்த பெயின்ட்தான் சீப்பால் வாரிய தலை மாதிரி கோடு கோடாக நின்றது. மருமகனுக்கு ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்பது அவர் பன்னிரண்டு வருஷமாக மாற்றிக்கொள்ளாத அபிப்பிராயம். இந்த ஒரு தடவையாவது அவர் வாயை அடைத்துவிட ஆசை.

"இது வேண்டாம். அதை எடுங்க" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். வெல்வெட் பெட்டிக்குள் ஒன்று பளபளத்தது.

"அது உங்களுக்கு வேண்டாம் சார்."

அந்த 'உங்களுக்கு' என்னை எங்கேயோ குத்தியது.

"ஏன், என்னைப் பார்த்தா வாங்கறவன் மாதிரி தெரியலையா?"

"ஐயோ, அப்படி இல்ல சார். வீட்ல கம்ப்ரசர் இருக்கா? காத்துக்கு..."

"எல்லாம் இருக்கு. முதலாளியைக் கூப்பிடுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். என் எதிரிலேயே சேல்ஸ்மேனை இரண்டு திட்டு திட்டிவிட்டு, வெல்வெட் பெட்டியை என் கையில் கொடுத்தார். பட்ஜெட் எகிறிவிட்டது. மூக்குக்கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'உங்கள் சேல்ஸ்மேன் தோற்றத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறார்.'

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கிண்ணத்தில் பெயின்ட் ஊற்றி, பட்டனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன்.

"ஏங்க, இதுக்குக் காத்து எங்கேருந்து வரும்?" என்றாள் மனைவி.

நல்ல கேள்வி. கம்ப்ரசர் பற்றி வந்த பக்கங்களை எல்லாம் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் படித்தவன் நான். பின்பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். காது அடைத்ததுதான் மிச்சம்.

"அப்பாவுக்குச் சட்டைத் துணி எடுத்துடலாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சனிக்கிழமை பஸ்ஸையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்கறதில்ல சார்" என்றார் முதலாளி. அதே சிரிப்பு.

"நேத்து இருந்தவர் எங்கே?"

"நீங்க எழுதிக் கொடுத்தீங்களே, கவுன்ட்டர்லேருந்து எடுத்துட்டேன். பின்னாடி குடோன்ல இருக்கான்."

தலையைக் குனிந்துகொண்டு பக்கத்துச் சந்து வழியாக நழுவப் பார்த்தேன். குடோன் வாசலும் அந்தச் சந்தில்தான் இருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்கப் போன சேல்ஸ்மேன் என்னைப் பார்த்துவிட்டார்.

"கம்ப்ரசர் இல்லையா சார்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்தச் சாதாரண ஏர்பிரஷும் சின்ன கம்ப்ரசரும் சேர்ந்தே உங்க பட்ஜெட்டுக்குள்ள வந்திருக்கும். அதைச் சொல்றதுக்குள்ள..." என்றவர் பஸ்ஸை வாங்கிப் பார்த்தார். "என்னைக்குக் கொடுக்கணும்?"

"நாளைக்கு."

டிபன் பாக்ஸை மூடி வைத்தார். என் கோடுகளை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். குடோனில் சோதித்துப் பார்க்க வைத்திருந்த கம்ப்ரசரை இழுத்து வந்து, என் வெல்வெட் பெட்டிக்காரரை அதில் மாட்டினார். இருபது நிமிஷம். பஸ் அப்போதுதான் டெப்போவிலிருந்து கிளம்பியது போலப் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு கோடு இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. இப்பவே முதலாளிகிட்ட போய் உள்ளதைச் சொல்றேன். நான் எழுதினதையும் அடிச்சுட்டு வரேன்."

"மத்ததைச் சொல்லுங்க சார். எழுதினதை அடிக்காதீங்க, அது நிஜம்தான். தோற்றத்தைப் பார்த்துத்தான் எடைபோட்டேன்."

"அப்போ என் செருப்பைப் பார்த்தது..."

"செருப்பா? அதை யார் சார் பார்த்தா? உங்க விரலைப் பார்த்தேன். நகத்துக்குள்ள எல்லாம் பச்சை பெயின்ட். ஆசையா உட்கார்ந்து வேலை செய்யறவர், இவரை ஏமாத்தக் கூடாதுன்னு தோணுச்சு. அந்த வெல்வெட் பெட்டி, பெயின்டே படாம கை சுத்தமா வந்து நிக்கற பந்தாக்காரங்களுக்கு சார்."